ஹோல்டான்

மெஷின் பொருத்த பெங்களூரிலிருந்து வந்த பையன்
போகும்போது விட்டுப்போனது இரண்டு.
ஒரு ஸ்குரூ டிரைவர்.
ஒரு சொல்: ஹோல்ட் ஸ்டில்.
ஸ்குரூ டிரைவருக்கு உடனே வேலை வந்தது.

கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக்கு மொழிப் பஞ்சமில்லை.
வேப்பனப்பள்ளிக்காரர் படுத்தால் கதலகண்டி.
தளியிலிருந்து வந்தால் அல்லாடபேடி.
பழையபேட்டை பாய்க்கு ஹிலோ மத்.
மற்றவர்க்கெல்லாம் ஆடாதீங்க.
ஒரு நொடிதான் கேட்கிறேன்.
அந்த ஒரு நொடியில்
கல்குவாரியில் இருபது வருஷம் டிரில்லர் பிடித்தவர்
கை மட்டும் நிற்காது,
டிரில்லர் இன்னும் உள்ளே ஓடும்.
மாமரத்திலிருந்து விழுந்த சிறுவன்
வலியை மறந்து சிரித்துவிடுவான்.
படமெல்லாம் புகை.

ஹோல்ட் என்றால் பிடி.
மூச்சைப் பிடிக்கலாம். சண்டை பிடிக்கலாம்.
மழை பிடிக்கும், பேய்கூடப் பிடிக்கும்.
அசையாமையைப் பிடிக்க எந்தக் கை?
மதியச் சோற்று நேரத்தில் யோசித்து, விட்டுவிட்டேன்.

ஆனி மாசம், ஒரு செவ்வாய்.
கூழ் ஃபேக்டரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள்,
நகக்கண்ணெல்லாம் மாம்பழ மஞ்சள்.
முனிரத்னா, முப்பத்தொன்று, இடது முன்கை.
'பாத்ரூம்ல வழுக்கிட்டா'
என்றான் சீட்டை நீட்டியவன்.
நான் அவளைத்தான் கேட்டிருந்தேன்.
அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு
அவள் கையை மேசையில் கிடத்தி, நேராக்கி,
கூட்டத்தின் அவசரத்தில்
'ங்க' எங்கோ விழுந்துபோக,
ஆடாதே என்றேன்.

அவளுடைய வலது கை
தலைக்கு மேலே போனது.

பிறகுதான் என் காதில் விழுந்தது நான் சொன்னது.
ரொம்ப ஆடாதே.
சம்பளம் வாங்குறேன்னு ஆடாதே.
ஆடுன காலை ஒடிச்சு...
எத்தனை வீட்டில் எத்தனை பேர் சொன்னது
என் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
தெலுங்கில் சொல்லலாம்.
வெளியே அவன் போனில் கத்துவதும் தெலுங்கில்தான்.

இந்த ஊரில் அதுவரை
யாரையும் அடிக்காத ஒரு சொல் என்னிடம் இருந்தது.
'ஹோல்ட் ஸ்டில்.'
'என்னக்கா?'
'ஹோல்ட் ஸ்டில்.'
'ஹோல்டானா? பஸ்ஸை நிறுத்துவாங்களே, அதா?'
அதேதான் என்றேன். பாதிப் பொய்.
அவள் முகத்தில் ஏதோ இறங்கியது.
கையை இறக்கினாள்.
ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில்
யாருக்காகவோ நிற்கிற டவுன் பஸ்போல
உள்ளே எஞ்சின் உறும
நின்றாள்.
பொத்தானை அழுத்தினேன்.

விழுகிறவர் கையை ஊன்றுவார்.
கட்டைவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டருகே போகும்.
அடியைத் தடுக்கத் தூக்கிய கையில்
சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்டநடுவில்.
பத்தொன்பது வருஷமாகப் படம் எடுக்கிறேன்.
எந்த பாத்ரூமும் அங்கே முறித்து நான் பார்த்ததில்லை.

படம் சுத்தமாக வந்திருந்தது,
துளிப் புகை இல்லை.
டாக்டரிடம் காட்ட நானே எடுத்துக்கொண்டேன்,
கவரில் போடாமல்.

திரும்பிப் பார்த்தால்
கையை மேசையிலிருந்து எடுக்காமல்
அப்படியே இருக்கிறாள்.
முடிந்தது என்று நான் சொல்லவே இல்லை.
'போலாமாக்கா?'

கதவுக்கு அடியில்
அவன் செருப்பு தெரிந்தது.
இந்த அறைக்கு இன்னொரு கதவு உண்டு,
டாக்டர் அறைக்குள் போகும்.
அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம்தான்.
அந்தப் பக்கம் கையைக் காட்டி,
'ரைட்' என்றேன்.